ரிலீஸ், ஐம்பத்தேழு புள்ளி

ரிலீஸ் என்ற சொல்லை நான் இதுவரை பதினொரு முறை பலகையில் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் எழுதினால் ஏழு எழுத்து. ஏழும் தலைக்கு ஒரு புள்ளி மட்டுமே பெறும் ஏழைப்பட்ட எழுத்துகள். ஆனால் கையிலிருக்கும் ஏழையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் ஐம்பது புள்ளி கூடுதல். ஆக ஐம்பத்தேழு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கலாம், அது தனிக் கணக்கு.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆட்டத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

என் பெயர் சம்லி. தாய்லாந்தில், ஹாட் யாயிலிருந்து மலேசிய எல்லைக்குப் போகும் சாலையில் இருக்கிற ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில், மூன்றாவது லைனில் சோதனை வேலை. கையுறையில் காற்றை அடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியாவிட்டால் செல்லும், கசிந்தால் செல்லாது. செல்லாததற்கு ஒரு சிவப்புச் சீட்டு எழுதிக் குத்த வேண்டும். அந்தக் கையுறையை டாக்டர் போடப்போகிறாரா, மீன் கழுவுகிறவள் போடப்போகிறாளா என்பது என் கவலை இல்லை.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கிற கிராஸ்வேர்ட் ஆட்டத்தையும் நான் அப்படித்தான் ஆடுகிறேன். எங்கள் ஊரில் நன்றாக ஆடுகிற பலரும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது பாடப் புத்தகங்களை அங்கேயே போட்டுவிட்டு, ஆட்டக் குழுவின் சொற்பட்டியலை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். நான்கு கட்டு. டீ நேரத்தில் பத்துச் சொல், பஸ்ஸில் இருபது சொல் என்று இருபத்திரண்டு வருஷமாக ஏற்றியிருக்கிறேன். எந்தச் சொல் புத்தகத்தில் இருக்கிறது, எது இல்லை என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் டீ குடிக்கும்போது இங்கிலீஷில் வளவளவென்று பேசுவார்கள். நாங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அவர்களை ஜெயித்துவிட்டு வருவோம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய நாலு கோப்பைகளும் தொழிற்சாலை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. மேனேஜர் பிரசோங் வைத்தது. கீழே ஒரு பலகை: 'ஆங்கிலச் சாம்பியன், நமது தொழிலாளி'. முதல் நாளே போய், "சார், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சொல் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தப் பலகை பிடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு படித்தவளுக்கு அப்படி ஒரு பலகை கிடைத்தால் யாருக்குத்தான் கழற்ற மனசு வரும்?

அப்படியே ஒன்பது வருஷம் ஓட்டினேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்தால், "சொல்லிக்கொடுத்தா மனசுல நிக்காது, பிள்ளையே தேடட்டும்" என்பேன். மருந்து அட்டையைக் காட்டினால், "மருந்து விஷயத்துல நான் தலையிட மாட்டேன்" என்பேன். ஒருமுறை வெளிநாட்டு வாங்குபவர் ஒருவர் லைனைப் பார்க்க வந்தார். தொண்டை கட்டிவிட்டது என்று கழுத்தில் துணி சுற்றிக்கொண்டேன். எதையாவது எழுதச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வலது கையிலும் ஒரு கட்டு.

"தொண்டை கட்டினா கையில எதுக்குக்கா கட்டு?" என்றாள் ரோகியா. எனக்கு அடுத்த மேசைக்காரி. சானா என்ற ஊரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவள். அவள் வாயிலிருந்து தப்பியவர்கள் மூன்றாவது லைனில் யாரும் இல்லை.

"ரெண்டும் ஒரே நரம்புடி" என்றேன்.

அவள் நம்பினாள். எல்லோரும் என்னை நம்பினார்கள், அதுதான் பிரச்சினை.

மழை பிடித்த இரண்டாவது வாரம், கையுறைகளைக் குளோரின் தண்ணீரில் அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டு வாயு கசிந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். மூக்கில் நெருப்பைத் திணித்த மாதிரி இருந்தது. கண் தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினோம். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர்தான் இருந்தோம். எங்களில் சின்னவளான மாப்ராங், தொட்டிக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தவள், வரவில்லை. இருபத்து மூன்று வயசு. இரண்டு பேர் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவளை இழுத்து வந்தார்கள்.

எங்களுக்கு நாலைந்து நாள் இருமல், அதோடு சரி. மாப்ராங்குக்கு நுரையீரல் புண்ணாகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிதான் பார்த்துக்கொண்டிருந்தது. "இப்போதைக்கு" என்ற சொல்லை மட்டும் அவர்கள் ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிகிற நேரம். பிரசோங் கேன்டீனுக்கு வந்தார். அவர் கேன்டீனுக்குள் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே பணியாளர் பிரிவுப் பெண் நிச்சா, கையில் ஒரு அட்டை உறையோடு வந்தாள். எங்கள் பதினோரு பேரையும் ஒரே நீள மேசைக்கு வரச் சொன்னார்கள். தலைக்கு ஒரு தாள். தலைக்கு ஒரு பேனா, மூடியைக் கழற்றித் தயாராக வைத்தது. தாள் முழுக்க இங்கிலீஷ்.

"ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்குப் புது மாஸ்க்கு குடுத்தோம்ல, டாக்டர் செக்கப் பண்ணினோம்ல, அதெல்லாம் வாங்கிக்கிட்டோம்னு ஒரு கையெழுத்து" என்றார் பிரசோங். "வெளிநாட்டு ஆபீஸ்ல கேக்கறாங்க, அதான் இங்கிலீஷ். நீங்க போட்டதும் நிச்சா ஆஸ்பத்திரிக்குப் போய் மாப்ராங்கிட்டயும் வாங்கிடுவா. நீங்க எல்லாரும் போட்டிருக்கீங்கன்னா அவளும் யோசிக்க மாட்டா."

லம்யாய் அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். எங்களில் மூத்தவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. எடுத்தவர் என் பக்கம் திரும்பினார். பத்துப் பேரும் திரும்பினார்கள்.

பிரசோங்குக்கு அது தெரியாமல் இல்லை. "நம்ம சாம்பியன் இருக்காங்களே, அவங்களே படிச்சுச் சொல்லட்டும்" என்று, உறையில் மிஞ்சியிருந்த மாப்ராங்கின் தாளை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது குனிந்து, என் காதுக்கு மட்டும், "சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அடுத்த மாசம் லைன் லீடர் இடம் காலியாகுது" என்றார்.

நான் தாளைப் பார்த்தேன். அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழகின முகங்கள். இது நாலெழுத்து, இதன் முன்னால் ஓர் எழுத்துச் சேரும்; இது ஆறெழுத்து, இதன் பின்னால் எதுவும் சேராது. மூன்றாவது வரியில் ரிலீஸ் இருந்தது. பார்த்ததும் உள்ளே ஐம்பத்தேழு என்று மணி அடித்தது. ஆனால் அந்த வரி என்ன சொல்கிறது? சத்தியமாகத் தெரியாது. அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் எனக்கு அவ்வளவுதான் விளங்கியிருக்கும்.

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். பதினோரு கையெழுத்து விழும். சாயங்காலம் பன்னிரண்டாவது. எனக்கு லைன் லீடர் வேலை. கண்ணாடிப் பெட்டியும் பலகையும் அப்படியே இருக்கும். இதெல்லாம் என் மனசில் ஓடவில்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி.

அப்போது பிரசோங் ஜன்னல் பக்கம் பார்த்து, "இன்னிக்கும் நல்ல மழைதான் போல" என்றார்.

அந்த இடத்தில் நான் நிமிர்ந்தேன்.

எங்கள் ஆட்டத்தில் பொய்ச்சொல் வைக்கலாம். புத்தகத்தில் இல்லாத சொல்லை, இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பலகையில் வைப்பது. எதிராளி நம்பிவிட்டால் அது நின்றுவிடும், புள்ளியும் உண்டு; நம்பாவிட்டால் 'சேலஞ்ச்' என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஐந்நூறு பொய்ச்சொல்லாவது பார்த்திருப்பேன். வைக்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, முகத்தை எல்லோரும் பழக்கி வைத்திருப்பார்கள். கையைப் பார்க்க வேண்டும். நல்ல சொல் வைத்தவர் அதையே பார்த்துக்கொண்டு ஆட்டக் கடிகாரத்தைத் தட்ட மறந்துவிடுவார். பொய்ச்சொல் வைத்தவரின் கை உடனே கடிகாரத்துக்குப் போகும். கண் மட்டும் பலகை பக்கமே வராது. சிலர் பேச்சுக்கூடக் கொடுப்பார்கள். சாப்பிட்டீங்களா, ஏசி ரொம்பக் குளிருதுல்ல, மழை வரும் போல.

பிரசோங் வந்ததிலிருந்து அந்தத் தாள்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தை நாலு தடவை பார்த்துவிட்டார். பதினோரு பேனாவின் மூடியையும் அவரே கழற்றி வைத்திருக்கிறார். இந்த மனுஷன் ஸ்டோரிலிருந்து ஒரு பேனா எடுக்க மூன்று கையெழுத்துக் கேட்கிறவர்.

"சீக்கிரம்மா. பெல் அடிக்கப் போகுது" என்றார்.

தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்ச்சொல் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒன்பது வருஷப் பலகையை நானே கழற்ற வேண்டும். இந்தத் தடவை கழுத்தில் சுற்றிக்கொள்ளத் துணியும் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்ராங், "சம்லி அக்கா படிச்சுப் பாத்தாங்களா? அப்ப சரி" என்று பேனாவை வாங்குவது கண்ணில் தெரிந்தது. அவள் அப்படித்தான் சொல்வாள். எனக்குத் தெரியும்.

"சேலஞ்ச்" என்றேன்.

பிரசோங் சிரித்தார். "என்னம்மா, இங்க என்ன போட்டியா நடக்குது? எந்தச் சொல்லு தப்பா இருக்கு, சொல்லு."

"எல்லாச் சொல்லும் சரிதான் சார். எல்லாம் புத்தகத்துல இருக்கு."

"அப்புறம் என்ன?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். ரோகியா தன் தாளைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா உளர்றீங்க?" என்றாள்.

"உளறல. எனக்குச் சொல்லுங்கதான் தெரியும். ஒரு லட்சம் சொல்லு தெரியும். எதுக்கும் அர்த்தம் தெரியாது. இந்த ஆட்டத்துக்கு அது வேண்டியதில்ல. உங்ககிட்ட ஒம்பது வருஷமா சொல்லாம இருந்தேன், அது என் தப்பு. திட்டணும்னா அப்புறம் திட்டுங்க, இப்ப நேரமில்ல."

"என் பொண்ணு பரீட்சைக்கு முன்னாடி உன்கிட்ட வந்து நின்னாளே" என்றார் லம்யாய் அக்கா. குரல் உடைந்திருந்தது. "நீயே தேடுன்னு விரட்டினியே. பெரிய டீச்சர் மாதிரி."

"ஆமாக்கா."

"தொண்டைக்கும் கைக்கும் ஒரே நரம்புன்னீங்களே" என்றாள் ரோகியா.

"ஆமாடி."

பிரசோங் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். அவர் முகத்தில் எனக்காக ஒரு இரக்கம்கூட வந்தது. "கேட்டீங்களா? நாலு கப்பு வாங்கினவங்களுக்கே இங்கிலீஷ் தெரியாதாம். பாவம், விடுங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் சொல்றேன், போடுங்க. மாஸ்க்கு, செக்கப். அவ்வளவுதான்."

சில கைகள் மறுபடி பேனாவுக்குப் போயின. என் வெட்கம் அந்த நிமிஷம் கோபமாக மாறியது. தெரியாதவள் நான், தெரிந்தவர் அவர். அதனால் அவர் சொன்னால் கையெழுத்து விழ வேண்டும்! தெரியாததை மறைத்ததற்கு நான் பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்கிவிட்டேன். தெரிந்ததை மறைக்கிறவர் பாவம் என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

"சரி சார், தெரிஞ்சவர் நீங்க. அப்ப எழுதிக் குடுங்க" என்றேன்.

"என்னத்த?"

மேலங்கிப் பையிலிருந்து சிவப்புச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒன்றைக் கிழித்து அவர் முன்னால் வைத்தேன்.

"எங்க ஆட்டத்துல ஒருத்தர் வச்ச சொல்ல இன்னொருத்தர் நம்பலன்னா, கடிகாரத்த நிறுத்திடுவோம். வாயால சண்ட போட மாட்டோம். அந்தச் சொல்ல ஒரு சீட்டுல எழுதி நடுவர்கிட்ட குடுப்போம். இங்க நடுவர் இல்ல. அதனால நீங்களே எழுதுங்க. இப்ப எங்ககிட்ட சொன்னத அப்படியே நம்ம தாய் எழுத்துல. 'இந்தத் தாள்ல மாஸ்க்கு வாங்கினதும் செக்கப் பண்ணினதும் தவிர வேற எதுவும் இல்ல.' கீழ உங்க கையெழுத்து. நீங்க ஒண்ணு போட்டா நாங்க பதினொண்ணு போடறோம்."

"இது தேவையில்லாத வேலை."

"ஒரு வரிதானே சார்."

"என் வார்த்தைய நம்ப மாட்டீங்களா?"

"நம்பறோம் சார். அதத்தான் எழுதச் சொல்றோம்" என்றாள் ரோகியா. "ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு எங்ககிட்ட கையெழுத்து வாங்கறீங்க. ஒண்ணுமில்லன்னு நீங்க ஒரு கையெழுத்து போடக்கூடாதா?"

பிரசோங் பேனாவை எடுத்தார். எடுத்தே விட்டார். சிவப்புச் சீட்டை இழுத்து, 'இந்தத் தாளில்' என்று எழுதினார். அத்தோடு பேனா நின்றது.

நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். தண்ணீர் ஊற்றிய கையுறையைத் தொங்கவிட்டால் எண்ணுவேனே, அதே எண்ணிக்கை. பதினைந்து. இருபது. அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். முப்பது. "இது கம்பெனி லெட்டர் தாள்லதான் எழுதணும்" என்றார்.

"சீட்டே போதும் சார்."

நாற்பது. ஐம்பது. "நிச்சா, நீ எழுதிக் குடு."

நிச்சா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "நான் அந்தத் தாளப் படிச்சேன் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முகம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டாள்.

பெல் அடித்தது.

எங்கள் தொழிற்சாலையில் பெல் அடித்த பிறகு யாரும் உட்கார்ந்திருந்ததே கிடையாது. இரண்டு நிமிடம் தாமதமானால் அரை நாள் போய்விடும். மற்ற லைன்காரர்கள் எழுந்து, தட்டைக் கழுவப் போட்டுவிட்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார்கள். எங்கள் மேசையில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. லம்யாய் அக்கா கையிலிருந்த பேனாவுக்கு மூடியைத் தேடிப் பிடித்து டக்கென்று மூடினார். அடுத்தது ரோகியா. பிறகு வரிசையாக எல்லோரும்.

"கையெழுத்து போடாதவங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கும்னு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது" என்றார் பிரசோங்.

"அதையும் அந்தச் சீட்டுலயே எழுதுங்க சார், இடம் இருக்கு" என்றேன்.

முதலில் சிரித்தது லம்யாய் அக்காதான். என்மேல் கோபம் தீராமலே சிரித்தார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டினார்கள். பிரசோங் சீட்டைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தாளையெல்லாம் எடு" என்று நிச்சாவிடம் சொன்னார்.

"அவங்க வேணாம் சார். வச்சவங்கதான் எடுக்கணும்" என்றேன். "செல்லாத சொல்ல வச்சவங்க அவங்க கையாலயே எடுப்பாங்க. அதுதான் முறை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மறக்கவும் விருப்பமில்லை. மேசையைச் சுற்றி வந்து, எங்கள் ஒவ்வொருத்தியின் முன்னாலிருந்தும் ஒவ்வொரு தாளாக அவரே எடுத்தார். என் கையிலிருந்ததைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் அதை நாலாக மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

"இது மாப்ராங்கோடது. நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை ரோகியாவின் மோட்டார் சைக்கிளில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார். அன்றைய விபத்தால் இப்போது வந்ததோ இனி வரப்போவதோ எதற்கும் கம்பெனியைக் கேட்க மாட்டேன், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்ததாம். மாஸ்க்கைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில்.

"யாரும் கையெழுத்து போடலையே?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ஒருத்தியும் போடல" என்றாள் ரோகியா.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆனது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், எங்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு தாள் வந்தது, தாய் எழுத்தில். மாப்ராங்குக்கு டாக்டர் போதும் என்று சொல்கிறவரை கம்பெனியே சிகிச்சை பார்க்க வேண்டும், குணமானதும் வேலை அவளுக்கு உண்டு. பதினோரு பேரும் சத்தமாக, ஒருத்தி மாற்றி ஒருத்தி, முற்றுப்புள்ளிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

லைன் லீடர் வேலை வேறு யாருக்கோ போனது. என்னை அட்டைப் பெட்டி மடிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, மடித்துக்கொண்டே சொற்பட்டியல் படிக்கலாம். வாசல் கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்து, கோப்பைகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். வீட்டில் இடமில்லை. ரோகியாவின் வண்டியில் கட்டி, அந்தத் தாளோடு சேர்த்து, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மாப்ராங் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்குக் குழாய் இன்னும் இருந்தது. ஆனால் கண்ணில் பழைய குறும்பு. பெரிய கோப்பையில் ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டினோம். சின்னதில் அவள் பல்துலக்கும் பிரஷ்ஷைச் செருகினாள். ரோகியா பைக்குள்ளிருந்து அந்தப் பெயர்ப் பலகையை எடுத்து நீட்டினாள். கையுறை அச்சு சுரண்டும் தகட்டால் முதல் சொல்லை மட்டும் சுரண்டி எடுத்திருந்தாள். 'சாம்பியன், நமது தொழிலாளி' என்று மிச்சம் இருந்தது.

"பொய்ய எடுத்துட்டேன். மீதிய வச்சுக்கங்க" என்றாள்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மாப்ராங் தாளை இரண்டு தடவை படித்தாள். மூச்சு வாங்கியதால் நடுவில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த இங்கிலீஷ் தாள்ல ஏதோ ஒரு சொல்லுன்னாங்களே. என்னக்கா அது?"

"ரிலீஸ்."

"என்ன அர்த்தம்?"

ஒன்பது வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கு நான் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாதுடி. ரோகியாதான் பாத்தா, அவளக் கேளு."

"போன்ல பாத்தேன், வரிசையா போட்டிருக்கு" என்றாள் ரோகியா. "ஜெயில்ல இருக்கறவங்கள விடறது. சினிமாவ வெளிய விடறது. பிடிச்ச பிடிய விடறது. வாயுவ வெளிய விடறதுக்கும் அதேதானாம். அப்புறம் நம்ம உரிமைய விட்டுக்குடுக்கறது."

மாப்ராங் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நான் அவள் முதுகைத் தடவினேன். முன்னைப்போல நீளாமல் இருமல் சீக்கிரமே நின்றது. ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துக்கொண்டே கேட்டாள்:

"அவ்வளவு அர்த்தம் இருக்கற சொல்லு. ஆட்டத்துல செல்லுமாக்கா?"

"செல்லும். ஐம்பத்தேழு புள்ளி. அடுத்த மாசம் போட்டியில கைக்கு வந்தா கண்டிப்பா வைப்பேன்" என்றேன். "உன்கிட்டதான் செல்லாது."